கச்சானுக்கு முன் எண்ணிய கன்றுகள்

போன சனிக்கிழமை, வனப் பயிற்சி மாணவர்களான நீங்கள் மூவரும் பதுளைக் கடைத்தெருவில் எங்கள் துணிக்கடைக்கு வந்தீர்கள். சேலை எடுக்க வந்தவர்கள் என்று நினைத்து அப்பா பாயை உதறிப் போட்டார். என்னைப் பார்க்க வந்ததாகச் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நீங்களும் கவனித்திருப்பீர்கள். காட்டு வேலையில் எனக்குத் தெரிந்ததை நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டீர்கள்.

எனக்கு வயது இருபத்தேழு. ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனாலும் அந்த வேலை என்னை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது, இனித் திரும்பாது. ஆகவே ஓய்வு பெற்றவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டுவது, சரிவு அளப்பது, இலையைத் தாளில் வைத்து அழுத்துவது எல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். அட்டைக் கடிக்குத் தேசிக்காய்ச் சாறும் சவர்க்காரமும் பூசுங்கள். வகுப்பில் சொல்லித்தராத ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

பயிற்சி முடியும் தறுவாயில் செல்லையாவையும் என்னையும் பெரகலைச் சந்திக்கு மேலே உள்ள மலைமுகட்டுக்கு அனுப்பினார்கள். செல்லையா யாழ்ப்பாணத்துக்காரன். ஒரு மரத்தின் பெயரை எழுதுமுன் மூன்று முறை அண்ணாந்து பார்ப்பான். நான் அப்படியல்ல. அவன் முதல் முறை பார்ப்பதற்குள் நான் பெயரும் எழுதி, உயரமும் எழுதி, அடுத்த மரத்துக்குப் போயிருப்பேன். அந்த வேகத்துக்காக வகுப்பில் பரிசும் வாங்கியிருக்கிறேன்.

அந்த முகட்டில் கீனா மரத்தின் ஆட்சிதான். சந்தியில் நின்று பார்த்தாலே தெரியும்: விரித்த குடைகளை வரிசையாக அடுக்கியது போலத் தட்டையான தலைகள். மற்ற மரமெல்லாம் அந்தக் குடைக்குக் கீழே ஒதுங்கி நிற்கும். இந்த ஒரு சாதி மட்டும் எப்படி இப்படிக் காட்டைப் பிடித்தது, இன்னும் பரவுகிறதா, பரவினால் எவ்வளவு வேகத்தில் என்று பார்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. எனக்கு அந்த வயதில் அதைவிடப் பெரிய கேள்வி உலகத்தில் இல்லை. இராமுழுக்கத் தூங்காமல் யோசித்திருக்கிறேன்.

கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது. முகட்டுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் துரை புதிதாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் ஒரு தொழிற்சாலையும் கட்டப் போகிறார். விட்டங்களுக்குக் கீனாதான் வேண்டும். முகடு அரசாங்கக் காடு, அனுமதியில்லாமல் தொட முடியாது. கீனா தானாகவே தன் இடத்தை நிரப்பிக்கொள்ளும் மரம் என்றால் பெரிய மரங்களை வெட்ட விடலாம், இல்லையென்றால் கூடாது. எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு.

முகட்டின் இடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. அதிலிருந்து மூங்கில் குழாய் வழியாக இறங்கி வந்த பீலித் தண்ணீர்தான் கீழ் லயத்துக்குக் குடிக்க, குளிக்க, சோறாக்க எல்லாவற்றுக்கும். இதை நான் முதல் நாளே பார்த்தேன். குறிப்புப் புத்தகத்தில், எங்கள் கூடாரத்துக்கும் தண்ணீர் வசதி உண்டு என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன்.

செடி கொடி வெட்டி வழி செய்யவும் கயிறு பிடிக்கவும் கங்காணி இரண்டு பெண்களைக் கொடுத்தார். மூத்தவள் மூக்காயி, கைக்குழந்தைக்காரி, பேச்சு குறைவு. இளையவள் பவளம், அவள் தங்கை. பவளத்துக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். எழுத்து தெரியாது. ஆனால் எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கயிறு கட்டிய ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் முளைத்திருக்கும் கீனாக் கன்றுகளை நாங்கள் எண்ண வேண்டும். அவள் பத்துக் கன்றுக்கு ஓர் இலையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வாள். சதுரம் முடிந்ததும் மடியை அவிழ்த்து இலையை எண்ணிச் சொல்வாள். என் கணக்கும் அவள் கணக்கும் ஒத்துப்போகாத நாட்களில் மறுபடி எண்ணுவோம். ஒவ்வொரு முறையும் தப்பு என் பக்கம்தான் இருந்தது.

"ஐயாவுக்குப் படிப்பு காலைத் தாண்டி ஓடுதுங்க" என்றாள் ஒருநாள். "கன்னு பின்னால நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கு."

வவ்வால்கள் தொங்கும் மரத்தடிகளைக் காட்டிக் கொடுத்ததும் அவள்தான். சப்பித் துப்பிய கீனாக் கொட்டைகள் அங்கே குவிந்து கிடந்தன, தாய்மரத்திலிருந்து வெகு தூரத்தில். தாய்மரத்தடியில் உருண்டு விழுந்து முளைப்பது ஒரு வழி, வவ்வால் தூக்கிப் போய்ப் போடுவது மற்றொரு வழி. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மரம் ஏன் ஆள்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று செல்லையாவைப் பிடித்து உலுக்கினேன். எண்ணி முடித்துவிட்டுச் சந்தோஷப்படலாம் என்றான் அவன்.

அது தை மாதம். வடகிழக்கு மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. நிலமெல்லாம் பஞ்சு போல நனைந்து கிடந்தது. கன்றுகள் கால் வைக்க இடமில்லாமல் முளைத்திருந்தன. ஒரு சதுரத்தில் முந்நூற்றுக்கு மேல். அப்படிப் பச்சையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் பாறையில் உட்கார்ந்து அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தேன். பவளம் எட்டிப் பார்த்தாள். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். உயரம், இலை, தாய்மரத்துத் தூரம், சரிவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இதெல்லாத்தையும் கன்னுன்னே எழுதுறீங்களா?"

"பின்னே என்னவென்று எழுதுவது?"

"இது சும்மா முளைச்சதுங்க. வருசா வருசம் இப்படித்தான் முளைக்கும். கச்சான் வரட்டும். அது அடிச்சு ஓஞ்சதுக்கப்புறம் எது நிக்குதோ அதுதாங்க கன்னு." பிறகு கட்டங்களைக் காட்டி, "காத்துக்கு இதுல எடம் இல்லீங்களா?" என்றாள்.

காற்றுக்குக் கட்டம் போட்டால் காகிதமெல்லாம் பறந்துவிடும் என்று வேடிக்கையாகச் சொன்னேன். மரியாதைக்குச் சிரித்தாள். மூக்காயி சிரிக்கவில்லை.

நீங்கள் ஊவா மாகாணத்துக்குப் புதியவர்கள். கச்சான் இங்கே எப்படி அடிக்கும் என்பது இன்னும் தெரியாது. வைகாசி பிறந்தால் மேற்குப் பக்கத்து மலைகளில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் வறட்டுக் காற்றாக வந்து இறங்கும். ஆவணி வரை விடாது. உதடு வெடிக்கும், மண் வெடிக்கும், லயத்துத் தகரம் இரவெல்லாம் கத்தும். இரண்டிலை விட்ட கீனாக் கன்றின் வேர் விரல் நீளம்கூட இராது. இதையெல்லாம் நான் பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவன், அறியாதவன் அல்ல. அறிந்ததை எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மாசிக் கடைசியில் செல்லையாவுக்குக் காய்ச்சல் கண்டது. மாட்டுவண்டியில் படுக்கவைத்து ஹாலிஎல வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வண்டியில் கிடந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பெட்டை சொன்னதில ஞாயம் இருக்கு. கச்சான் முடியுமட்டும் பொறுப்பம். பிறகு இன்னொருக்கா எண்ணிப்போட்டு எழுதுவம். அவசரப்படாதை."

சரி என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

நாலாம் நாள் எங்கள் அதிகாரி குதிரையில் ஏறி வந்தார். எங்களுக்குப் பாடம் சொன்னவர், பெயர் வேண்டாம். நான் மதித்த மனிதர், இன்றும் மதிக்கிறேன். அவரோடு பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். அட்டவணைகளைப் புரட்டினார். இரண்டு மாதத்தில் இவ்வளவு வேலையா என்று தோளில் தட்டினார். பங்குனி முடிவதற்குள் மேலிடத்துக்குப் பதில் போக வேண்டும், துரை இரண்டு தரம் நினைவூட்டிவிட்டார், வெட்டலாமா கூடாதா என்று ஒரு வரியில் சொல் என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தம்பிமாரே. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எதிரே நிற்பவர் கெட்டவராக இருக்கமாட்டார். மிரட்டமாட்டார். உங்களை நம்பித்தான் கேட்பார். அந்த நம்பிக்கையை உடைக்கத்தான் மனம் வராது. "இன்னும் தெரியாது, புரட்டாசி வரை பொறுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்று சொன்னால் பரிசு வாங்கிய மாணவன் என்ன ஆவான்? கையில் அட்டவணை நிறைய எண்கள் இருக்கின்றன, எல்லாம் நானே குனிந்து எண்ணியவை, ஒன்றுகூடப் பொய்யில்லை. அவற்றைப் பார்த்தபடியே சொன்னேன்: "வெட்டலாம். தானாகவே நிரப்பிக்கொள்ளும்."

அன்று சாயந்திரமே அறிக்கையை எழுதினேன். காற்றைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பவளம் சொன்னதும் இல்லை. செல்லையா ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னை நம்பி, படிக்காமலே கையொப்பம் வைத்தான்.

அனுமதி கிடைத்தது. எங்களுக்கு வேலையும் கிடைத்தது. செல்லையா வன்னிப் பக்கம் போனான், எனக்குப் பதுளை. அந்த ஆண்டே முகட்டில் பாதிக்கு மேல் பெரிய கீனாக்கள் விழுந்தன என்று கேள்விப்பட்டேன். நல்ல விட்டங்கள் என்று துரை கடிதம் எழுதியிருந்தார். அதை அதிகாரி என்னிடம் படித்துக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டு கழித்து மறு எண்ணிக்கைக்குப் போனேன். அதே சதுரங்களை மறுபடி எண்ணினால்தான் பரவும் வேகம் தெரியும். ஐப்பசி மாதம், கச்சான் ஓய்ந்து முதல் மழை விழுந்திருந்த நேரம். ரயிலில் அப்புத்தளைக்குப் போய் இறங்கி, பெரகலைக்கு நடந்தே இறங்கினேன். கால் தரையில் படவில்லை. கன்றுகள் இடுப்பு உயரம் வந்திருக்குமா, முழங்கால்தானா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்துப் பெரட்டுக்குப் போய் நின்றேன். ஆட்களுக்கு அன்றைய வேலையைப் பிரித்துக்கொண்டிருந்த கங்காணியிடம், பழையபடி மூக்காயியும் பவளமும் வேண்டும் என்றேன்.

"மூக்காயி இருக்கா, அனுப்புறேன்" என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டு ஒருத்தியை மேல் மலைக்கு அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். "பவளம் போயிருச்சுங்களே ஐயா. போன கச்சான்ல. வயித்தால போயி, மூணே நாள்."

எப்படி என்று கேட்டேன் போலிருக்கிறது.

"பீலி நின்னு போச்சுங்க. மொத வருசம் ஒழுகிக்கிட்டாச்சும் இருந்துச்சு. இந்த வருசம் சுத்தமா நின்னுருச்சு. கீழ ஓடக் குழியில கெடந்த தண்ணியத்தான் அள்ளினாங்க. மேல் லயத்து அழுக்கெல்லாம் அங்கதாங்க வந்து சேரும். காச்சிக் குடிங்கன்னுதான் சொன்னேன். வெறகு தேடப் போறதா, கொழுந்து எடுக்கப் போறதா?" கையிலிருந்த தடியால் கீழ் லயத்தைக் காட்டினார். "அது ஒண்ணு மட்டும் இல்லீங்க. அந்த லயத்துல வீட்டுக்கு வீடு."

பிறகு மூக்காயி வந்தாள். கயிற்றை எடுத்துக்கொண்டாள். நாங்கள் ஏறினோம். மேலே வெட்டிய அடிக்கட்டைகள் வெளுத்துப்போய் நின்றன. குடைகள் இல்லாத வானம் அத்தனை பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. சதுரங்களின் மூலையில் அடித்திருந்த பழைய முளைக்கட்டைகளைத் தேடிப் பிடித்துக் கயிறு கட்டினோம். முந்நூற்றுக்கு மேல் எண்ணிய சதுரத்தில் நாலு இருந்தன. அடுத்ததில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் இரண்டு, அதில் ஒன்று நுனி கருகியது. பெரிய மரங்கள் இன்னும் நின்ற மறுபாதியில்கூடப் பத்துப் பன்னிரண்டைத் தாண்டவில்லை. மரம் நிற்கும் காட்டிலேயே அவ்வளவுதான் மிஞ்சும் என்றால், வெட்டவெளியில் என்ன மிஞ்சும்?

எண்ண இரண்டு பேர் தேவைப்படவில்லை. மூக்காயி கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

பதுளைக்குத் திரும்பியபோது மேசையில் ஒரு புது விண்ணப்பம் காத்திருந்தது. துரை முகட்டின் மறுபாதியையும் கேட்டிருந்தார். அந்தப் பாதிக்குக் கீழேயும் ஓர் ஊற்று உண்டு. அந்த நோய்க்குப் பிறகு மேல் லயம், கீழ் லயம் இரண்டும் அந்த ஒன்றை நம்பித்தான் இருந்தன. விண்ணப்பத்தோடு ஆதாரமாக என் அறிக்கையின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. தானாகவே நிரப்பிக்கொள்ளும் என்ற என் வாக்கியத்தின் கீழ் யாரோ சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்கள்.

அதிகாரியிடம் புது எண்ணிக்கையைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மரம் வெட்டியதால்தான் ஊற்று வற்றியது என்று உன்னால் நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். நோய் அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று? அதுவும் முடியாது என்றேன். கன்றுகளைப் பற்றி மட்டும் முடியும். முதல் அறிக்கை தப்பு என்றேன்.

தப்பு என்று எழுத வேண்டியதில்லை என்றார். இந்த இரண்டு ஆண்டும் கச்சான் வழக்கத்தை மீறி அடித்தது, எதிர்பாராத காற்றினால் கன்றுகள் பட்டுப்போயின, ஆகவே மறுபாதிக்கு இப்போதைக்கு அனுமதி வேண்டாம் என்று எழுது. காடும் பிழைக்கும், நீயும் பிழைப்பாய், உன் கூட்டாளியும் பிழைப்பான்.

அவர் என்மேல் இருந்த அன்பினால் சொன்னார். அந்த வழி எனக்கும் நன்றாகவே பட்டது. பேனாவை எடுத்து முதல் வாக்கியம் பாதிவரை எழுதியும்விட்டேன். "எதிர்பாராத" என்ற இடத்தில் கை நின்றது. எதிர்பார்த்தவள் ஒருத்தி இருந்தாளே. வருசா வருசம் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள். தவிரவும், இப்போதைக்கு என்று எழுதினால் நாலு வருடத்தில் மறுபடி கேட்பார்கள். வழக்கமான காற்று திரும்பிவிட்டது என்று சொல்லி, தை மாதத்தில் யாராவது கெட்டிக்கார மாணவனை அனுப்பி எண்ணச் சொல்வார்கள். அந்தச் சதுரங்களில் மறுபடியும் முந்நூறு இருக்கும்.

நான் எழுதியது இது: கச்சான் வழக்கம்போல்தான் அடித்தது. கீனாக் கன்றை மழைக்குப் பின் எண்ணுவது எண்ணிக்கையே அல்ல. பவளம் என்ற கொழுந்து எடுப்பவள் இதை எனக்கு முன்கூட்டியே சொன்னாள். நான் அதை எழுதாமல் விட்டேன். என்னோடு கையொப்பமிட்டவருக்கு இதில் பங்கில்லை.

செல்லையாவுக்குச் செய்தி எட்டியதும் கடிதம் போட்டான். "படிச்சுப்போட்டுக் கையொப்பம் வச்சிருக்க வேண்டியவன் நான்தான். எனக்குப் பங்கில்லை எண்டு எழுத உனக்கு ஆர் சொன்னது?" என்று இரண்டே வரி.

மறுபாதிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதம் என் வேலையும் போனது. தெரிந்ததை மறைத்து அறிக்கை கொடுத்தவன் என்று தாளில் இருந்தது. அது உண்மை, ஆகவே நான் மனுப் போடவில்லை. மறுநாள் காலையில் அப்பா துணி அளக்கும் கெஜக்கோலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றிரண்டுதான். கன்றுகளை ஆவணி கழித்து எண்ணுங்கள். கயிறு பிடிப்பவர்கள் சொல்வதற்கு அட்டவணையில் ஒரு கட்டம் போடுங்கள், அவர்கள் பெயரோடு. ஒரு வரியில் பதில் கேட்டால், தெரியாது என்பதும் ஒரு வரிதான்.

வேலை போன அந்த வாரமே கடைசியாக ஒருமுறை பெரகலைக்குப் போனேன். அதிகாரம் ஒன்றுமில்லாமல், வேட்டியோடு. மூக்காயி மறுபாதியின் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதி கொண்டுபோகிறவன் போலத்தான் போனேன். மேலே மிச்சமிருக்கும் மரங்களை இனி வெட்டமாட்டார்கள், நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்தத் தண்ணீர் நிற்காது என்று சொன்னேன். பவளம் சொன்னதை அவள் பெயரோடேயே எழுதினேன் என்றும் சொன்னேன்.

குடம் நிறையும் வரை அவள் குனிந்தே இருந்தாள். நிறைந்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்க எழுதுனா நிறுத்திப்புடுவாங்களா ஐயா?"

"நிறுத்திவிட்டார்கள்."

"அப்ப முந்தியே இப்படி எழுதியிருக்க முடியுங்களா?"

"முடியும்" என்றேன்.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னால் காத்திருந்தவளுக்கு வழி விட்டு, அவள் லயத்துக்கு நடந்தாள்.